ஒன்றரை வோல்ட்டைத் தேடிய ரெஜினா அக்கா

பாண்டி பஜார் சிக்னலில் நின்றிருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற டூரிஸ்ட் வண்டியின் ஓட்டுநர் கையை நீட்டி என் கண்ணாடியைத் தட்டினார். மந்தைவெளி ஸ்டாண்டில் பார்த்துப் பழகிய முகம். "ரெஜினாக்கா பூட்டாங்கப்பா, காலைல" என்றார். "எங்க?" என்று கேட்டேன். பச்சை விழுந்தது. பின்னால் ஆரன் அடித்தார்கள். நான் கேட்ட கேள்வியின் முட்டாள்தனம் எனக்கு உறைத்தபோது வண்டி பனகல் பார்க்கைத் தாண்டியிருந்தது.

மூன்று நாளாக நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஒரு கிளினிக்கில் வாயு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் நாளும் போயிருக்கிறார், மறுபடியும் வாயு. ஒரு இசிஜி எடுத்துப் பார்க்க அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. நாற்பதைத் தாண்டிய பெண், நகத்தில் கிரீஸ், புடவையில் ஆசிட் தின்ற ஓட்டைகள். இப்படி ஒருத்திக்கு வாயுதான் இருக்கும் என்று பார்த்தவுடனே முடிவு செய்துவிட்டார்கள். பட்டுப்புடவையில் போயிருந்தால் மெஷின் வெளியே வந்திருக்கும். இதைக் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், கோபத்தில்தான் எழுதுகிறேன்.

ஆனால் நான்கு வரிக்கு மேல் அந்தக் கோபம் நிற்க மாட்டேன் என்கிறது. ரெஜினா அக்காவை நினைத்தாலே முன்னால் வந்து நிற்பது அவருடைய உற்சாகம். ஒரு பழுது பிடிபட்டுவிட்டால் போதும், பானட்டை உள்ளங்கையால் ஓங்கித் தட்டி "மாட்னான்டா!" என்று கத்துவார். தெருவில் போகிறவர்கள் பிக்பாக்கெட்காரன் சிக்கிவிட்டான் என்று ஓடிவருவார்கள். வந்து பார்த்தால் ஒரு துருப்பிடித்த வயரைக் காட்டுவார். அவரை அறிந்த உங்களுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால் அவர் கடை. ஒரு ஆள் படுத்தால் கால் வெளியே நீளும் அளவு. போர்டில் தம்பி பெயர், "சவரிமுத்து பேட்டரி ஒர்க்ஸ்". வேலை முழுவதும் அக்காவுடையது. ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்துத் தேறியவர் அவர். சவரிமுத்து பத்தாவதோடு நின்றவர். பெண் பெயரைப் போட்டால் வண்டி உள்ளே வராது என்று அப்பா எழுதவைத்த போர்டு அது. சவரிமுத்து இதை மறைத்ததே இல்லை. யாராவது அவரிடம் சந்தேகம் கேட்டால், "நான் டீ வாங்குற டிபார்ட்மென்ட்டு சார். கரண்டு டிபார்ட்மென்ட்டு அதோ, குனிஞ்சுக்கினு கீது" என்று கை காட்டுவார்.

ஒருமுறை அடையாறிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். வண்டி சார்ஜ் ஏறவில்லை. "மெக்கானிக் இல்லையாம்மா?" என்று அக்காவிடமே கேட்டார். "வருவாரு சார், உக்காருங்க" என்றார் அக்கா. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். அரை மணி நேரம் கழித்து நிமிர்ந்து, "எப்பம்மா வருவார்?" என்றார். "வந்து, உங்க வண்டியை முடிச்சுட்டு, கை கழுவிட்டாரு சார். நீங்க விளையாட்டுப் பக்கத்துல இருந்தீங்க" என்றார் அக்கா, ஈரக் கையைத் துடைத்தபடி. அந்த மனிதர் சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாரே ஒரு சிரிப்பு, அதன் பிறகு அவர் வேறு கடைக்குப் போனதே இல்லை.

நம் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு, அல்லது இருந்தது. சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி வயரைக் கழற்றுவது. இன்ஜின் நின்றால் சார்ஜ் தரும் டைனமோ போச்சு, ஓடினால் நல்லது. பழைய டைனமோ இதைத் தாங்கும். அதற்குப் பதிலாகப் புதிதாக வந்த ஆல்டர்னேட்டர் தாங்காது, உள்ளே இருப்பது வெந்துவிடும். அக்கா ஒருநாள் ஸ்டாண்டுக்கே வந்து நின்று அறிவித்தார்: "இனிமே ஓடுற வண்டியில எவனாவது பேட்டரி வயரைக் கழட்டுனா, அவன் தூங்கசொல்ல மூக்கைப் பொத்திப் பாப்பேன். முழிச்சா நல்லா கீறான்னு அர்த்தம்." பத்துப் பேர் சிரித்தோம். பத்துப் பேரும் அந்தப் பழக்கத்தை விட்டோம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் கதை என்பதால் அல்ல, அக்கா முழுதாக இருப்பது அதில்தான்.

நான் நொச்சிக்குப்பத்துக்காரன். அப்பாவுக்குக் கட்டுமரம், எனக்கு ஸ்டியரிங். அந்த வருடம் லஸ் பக்கம் வீடுள்ள ஒரு ஆடிட்டரிடம் அம்பாசிடர் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்த வண்டிபோல் பார்த்துக்கொண்டேன். ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருக்கும்போதே பானட்டைத் திறந்து, இன்ஜினை டீசல் விட்டுக் கழுவி, கறுப்பு அடிக்க வேண்டிய இடத்தில் கறுப்பு, வெள்ளி அடிக்க வேண்டிய இடத்தில் வெள்ளி அடித்து, புது வண்டியாக்கி நிறுத்தினேன். பூசணிக்காய் உடைத்தபோது அக்கம்பக்கத்து டிரைவர்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஆடிட்டரே, "பேஷ், நன்னா பண்ணியிருக்கேடா எல்லப்பா" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து வண்டி மக்கர். ஒரு நேரம் சாவி போட்டதும் எடுக்கும். ஒரு நேரம் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு படுத்துவிடும். மழை தொடங்கி, லைட்டும் வைப்பரும் போட ஆரம்பித்ததும் இன்னும் மோசம். ஆடிட்டர் புது பேட்டரி வாங்கினார். மூன்று வாரத்தில் அதுவும் படுத்தது. அவருக்கு நம்பிக்கையான ஒரு மெக்கானிக் வந்து, ஆல்டர்னேட்டரில் மீட்டர் வைத்துப் பார்த்து, பதினாலு வோல்ட் காட்டுகிறது, சார்ஜிங் ஒரு குறையும் இல்லை என்றார். பிறகு பேட்டரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது புது பேட்டரியே இல்ல சார். பழசு மேல ஸ்டிக்கர் ஒட்டிக் கீறாங்க. உங்க டிரைவர் பையன் எந்த ஊரு?" என்றார்.

எந்த ஊர் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்ததும் வழக்கு முடிந்துவிட்டது. நான் புது பேட்டரியை எடுத்துக்கொண்டு பழசை மாட்டிவிட்டேன் என்று அன்றைக்கே ஆடிட்டர் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு என்னை உட்காரவைத்தார்கள், பிற்பகல் மூன்றுக்கு எழுப்பினார்கள். அடிக்கவில்லை. எந்தக் குப்பம், அப்பா பெயர் என்ன என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். "திங்கக்கிழமைக்குள்ள பேட்டரி வரணும். வரல, கேஸு" என்று அனுப்பினார்கள். குப்பத்தில் பிறக்காதவர்களுக்கு அந்த நோட்டைப் பற்றித் தெரியாது. ஒருவன் பெயர் ஒருமுறை அதில் ஏறிவிட்டால், பிறகு மயிலாப்பூரில் எந்த வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் தட்டப்படும் கதவு அவன் வீட்டுக் கதவுதான். அவனுக்கு டிரைவர் வேலை தர ஒரு வீடும் இருக்காது. அது வெள்ளிக்கிழமை. எனக்கு மூன்று நாள் இருந்தது.

நேராக மந்தைவெளிக்கு ஓடினேன். அக்கா கேட்டு முடித்துவிட்டு, "நீ எடுத்தியா?" என்றார்.

"நீயே கேக்குறியாக்கா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"எடுக்கல."

"சரி. அந்த ஆள் சொல்றதும் எனக்குச் சாட்சி இல்ல, நீ சொல்றதும் சாட்சி இல்ல. வா, வண்டியைக் கேப்போம்."

எனக்கு அழுகை வந்தது. என்னை நம்புகிறேன் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவ்வளவு தூரம் ஓடியிருந்தேன். அவர் அதைத் தரவில்லை. மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு, சவரிமுத்துவின் மொபெட்டில் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ஆடிட்டர் கேட்டிலேயே நிறுத்தினார். "நீ யாரும்மா? இவனுக்கு உறவா?"

"இல்ல சார். பேட்டரிக்கு உறவு" என்றார் அக்கா. "இது புதுசா பழசான்னு ரெண்டு நாள்ல சொல்றேன். பழசுன்னா நானே இவனை ஸ்டேஷன்ல விட்டுட்டு வரேன்."

அந்த இரண்டாவது வாக்கியம்தான் கேட்டைத் திறந்தது. நானும் சவரிமுத்துவும் தள்ளி வண்டியை ஸ்டார்ட் செய்தோம். அக்கா முதலில் ஆல்டர்னேட்டரில் மீட்டரை வைத்தார். பதினாலு. அந்த மெக்கானிக் சொன்னது சரி. எல்லோரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். அக்கா மீட்டர் வயர்களை எடுத்து அப்படியே பேட்டரியின் இரண்டு முனைகளில் வைத்தார். பன்னிரண்டரை. மறுபடி அங்கே வைத்தார், மறுபடி இங்கே. முகம் மாறியது. கண் பெரிதானது.

"டேய் சவரி, இங்க பாரு! அங்க பதினாலு புறப்படுது, இங்க பன்னெண்டரைதான் வந்து சேருது. நடுவுல ஒன்றரை வோல்ட்டை எவன்டா தின்றான்?"

"என்னைப் பாக்காதக்கா, நான் டீதான் குடிச்சேன்" என்றார் சவரிமுத்து.

அதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. மேலே தேட ஆடிட்டர் விடவில்லை, கேட்டைச் சாத்தச் சொன்னார். பேட்டரியை மட்டும் கழற்றிக்கொண்டு கடைக்கு வந்தோம். மறுநாள் முழுவதும் அதை மெதுவாகச் சார்ஜில் போட்டார். சனிக்கிழமை மாலை ஆறு மூடிகளையும் திறந்து, கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு அறையின் ஆசிட்டையும் உறிஞ்சிப் பார்த்தார். உள்ளே இருந்த மிதவை ஆறு முறையும் பச்சைக் கோட்டில் நின்றது. பழைய பேட்டரி என்றால் ஒரு அறையாவது காலை வாரியிருக்கும். அப்போதுதான் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "போய்ச் சாப்புடு. நீ எடுக்கல. இப்ப நம்புறேன்."

ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்த கையோடு, கோயிலுக்குக் கட்டிய வெள்ளைப் புடவையிலேயே வந்துவிட்டார். ஆடிட்டர் வீட்டில் அன்றைக்குத் தி. நகரில் கல்யாணம், தங்கை மகளுக்கு. பத்தரைக்கு முகூர்த்தம். ஏழு பேர் பட்டும் பூவுமாக வாசலில் நிற்கிறார்கள். வெளியே ஐப்பசி மழை வெளுத்து வாங்குகிறது. ஒரு ஆட்டோகூட அந்தத் தெருவுக்குள் வர மறுத்துவிட்டது. சார்ஜ் நிறைந்த பேட்டரியை மாட்டினேன். சாவியைத் திருப்பினேன்.

'டிக்.'

என் உயிர் போய்விட்டது. "பாத்தேளா! நான் சொன்னேனே, செத்த பேட்டரின்னு" என்றார் ஆடிட்டர், தன் வீட்டாரைப் பார்த்து. அக்கா அவரைக் கவனிக்கவே இல்லை. மீட்டரைப் பேட்டரியில் வைத்து, "திருப்பு" என்றார். திருப்பினேன். "இன்னொரு தபா." திருப்பினேன். மீட்டர் முள் அசையவில்லை. அக்காவின் குரல் உயர்ந்தது: "டேய், ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுத்துனா இந்த முள்ளு பத்துக்கு விழணும்டா! விழவே இல்ல. பேட்டரி தெம்பாதான் கீது. அதுகிட்ட யாரும் வேலையே கேக்கல!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பயத்தில் ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. "இந்த சோக் குமிழ் வேற சுடுதுக்கா. ஒரு வாரமாவே ஸ்டார்ட் பண்ணசொல்ல சுடுது" என்றேன்.

அவர் பானட்டுக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுத்தார். "எது சுடுது?"

"சோக்கு. ஸ்டார்ட் பண்ண இழுக்குறமே, இந்தக் குமிழ்."

"இதை ஏன்டா வெள்ளிக்கிழமை சொல்லல?"

"சோக்குக்கும் பேட்டரிக்கும் இன்னா கீது?"

"இன்னா கீதா? அடப்பாவி, எல்லாம் அங்கதான்டா கீது!" என்று கத்திக்கொண்டே பானட்டை ஓங்கித் தட்டினார். "மாட்னான்!"

விஷயம் இதுதான். பேட்டரியிலிருந்து, இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வர ஒரு வழி வேண்டும். இன்ஜின் ரப்பர் கட்டைகள்மேல் உட்கார்ந்திருப்பதால், அதையும் வண்டியின் உடம்பையும் ஒரு தடித்த செம்புப் பட்டையால் இணைத்திருப்பார்கள். அதுதான் எர்த் பட்டை. அது சரியாக ஒட்டாவிட்டால் கரண்ட் கிடைத்த சந்தில் எல்லாம் புகுந்து திரும்பும். அந்த வண்டியில் அதற்குக் கிடைத்த சந்து, குமிழிலிருந்து இன்ஜினுக்குப் போகும் சோக் கம்பி. ஒரு லாரி பாரத்தைச் சைக்கிளில் ஏற்றியதுபோல் அந்த மெல்லிய கம்பி தவித்துச் சூடேறிக்கொண்டிருந்தது. ஆல்டர்னேட்டரும் இன்ஜின்மேல்தான் இருக்கிறது. அது தரும் சார்ஜும் இதே வழியில்தான் போக வேண்டும். ஒன்றரை வோல்ட்டைத் தின்றவன் அங்கே இருந்தான்.

அக்கா மீட்டரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைப் பேட்டரியின் மைனஸிலும் வைத்தார். அங்கே அரை வோல்ட்கூடக் காட்டக் கூடாது. சாவியைத் திருப்பினேன். நாலைத் தாண்டியது.

"சார், வாங்க. டிரைவர் சீட்டுல உக்காருங்க" என்றார் ஆடிட்டரிடம்.

"நானா? எதுக்கு?"

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. மீட்டர் சொன்னாலும் நம்ப மாட்டீங்க. உங்க கை சொன்னா நம்புவீங்க. இந்தக் குமிழைப் பிடிச்சுக்கினு சாவியைத் திருப்புங்க."

மயில்கண் வேட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் ஏறி உட்கார்ந்தார். ஒருமுறை திருப்பினார். இரண்டாம் முறை. மூன்றாம் முறை, "ஐயோ, சுடறதே!" என்று கையை உதறினார். அக்கா ஒரு தடித்த வயரை எடுத்து ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைப் பேட்டரி மைனஸிலும் அழுத்திப் பிடித்து, "இப்ப திருப்புங்க" என்றார். வண்டி ஒரே உறுமலில் எழுந்தது! ஏழு பேரும் கைதட்டினார்கள். சவரிமுத்து மழையில் ஒரு ஆட்டம் போட்டார். வாழ்க்கையில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

இன்ஜினை நிறுத்திவிட்டு அக்கா அந்த வெள்ளைப் புடவையோடு ஈரத் தரையில் படுத்து வண்டிக்கு அடியில் போனார். எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். உள்ளங்கையில் போல்ட். அதில் பளபளவென்று வெள்ளி பெயிண்ட். பட்டையின் நாக்கிலும் பெயிண்ட், அது உட்காரும் இடத்திலும் பெயிண்ட். அழகாக, ஒரு திட்டு விடாமல், இரண்டு கோட்டிங்.

அவர் என்னை ஓரமாக இழுத்தார். "யார் அடிச்சது?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. ஆயுத பூஜைக்கு அந்த போல்ட்டைக் கழற்றி, அடியில் இருந்த துருவைத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, காயவைத்து, மறுபடி மாட்டியது நான்தான். மூன்று நாளாக என்னைத் திருடனாக்கியது என் சொந்தக் கைதான். "அக்கா, அவர்கிட்ட சொல்லாத. போல்ட்டு லூஸுன்னு சொல்லிடு. வேலை பூடும்" என்று கெஞ்சினேன்.

அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "சார், பேட்டரி உங்க புது பேட்டரிதான். எவனும் மாத்தல. பழுது இங்க. ஆயுத பூஜைக்கு உங்க டிரைவர் பக்தியா பெயிண்ட் அடிச்சாரு, அடிக்கக் கூடாத இடத்துலயும் அடிச்சுட்டாரு. பெயிண்ட்டு வழியா கரண்டு போகாது. அவ்ளோதான்."

அந்த நிமிடம் அவரைக் கொன்றுவிடலாம் போல் இருந்தது எனக்கு.

"அதானே பாத்தேன்! இந்த முட்டாளால..." என்று ஆடிட்டர் ஆரம்பித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "சரி சரி, மாட்டும்மா. நேரமாறது."

"மாட்டுறேன் சார். முதல்ல ஸ்டேஷனுக்கு ஒரு லெட்டர் எழுதுங்க."

"அதெல்லாம் நாளைக்குப் போன் பண்ணிக்கறேன்."

அக்கா போல்ட்டைக் கைக்குள் மூடிக்கொண்டார். "போன்ல குடுத்த கம்ப்ளெய்ன்ட்டு நோட்டுல ஏறிப் போச்சு சார். போன்ல சொன்னா இறங்காது."

"என்னம்மா, மிரட்டறியா?"

"இல்ல சார். வேலையை அரைகுறையா விட்டுட்டுப் போற பழக்கம் எனக்கில்ல. இது முடிஞ்சாத்தான் வேலை முடிஞ்சுது."

மழை கொட்டுகிறது. ஏழு பேர் பட்டில் நிற்கிறார்கள். கடைசியில் மாமி, அதாவது ஆடிட்டரின் மனைவி, உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார். "எழுதிக் குடுங்கோ. அந்தப் பிள்ளைமேல வாய் கூசாம பழி போட்டாச்சு. அந்தப் பாவத்தோட நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன்."

அவர் எழுதினார். அக்கா வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "புகாரை வாபஸ் வாங்குறேன்னு எழுதிக் கீறீங்க. அது மன்னிச்சு விட்ட மாதிரி. திருடவே இல்லைன்னு எழுதுங்க சார்."

ஆடிட்டர் தலையைக் குனிந்துகொண்டார். குமிழ் சுட்ட கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார் என்று எனக்கு ஞாபகம். இன்னொரு வரி எழுதினார்: பேட்டரி திருடப்படவில்லை, என் டிரைவர்மேல் நான் சொன்னது தவறு.

உப்புத்தாளை என் கையில் கொடுத்து, "நீ அடிச்சதை நீயே தேய்" என்றார் அக்கா. மழையில் படுத்துத் தேய்த்தேன். இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்க்கச் சொன்னார். போல்ட்டை அவரே முடுக்கினார். அந்த வண்டி அன்றைக்கு எடுத்த மாதிரி என்றைக்கும் எடுத்ததில்லை. ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு முதலில் ஸ்டேஷனுக்குத்தான் ஓட்டினேன். பின்னாலேயே மொபெட்டில், சேற்றுப் புடவையோடு அக்கா. உள்ளே போய்க் கடிதத்தைக் கொடுத்தார். என் பெயருக்குமேல் கோடு போடும்வரை நகர மறுத்தார். வெளியே காருக்குள் பட்டுக்காரர்கள் முகூர்த்தம் தவறுகிறது என்று ஆரன் அடித்தார்கள். அவர் வெளியே வந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நான் மண்டபத்துக்குப் பறந்தேன். தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய் இறக்கினேன்.

அடுத்த மாதம் வேலை போனது. "உன்மேல தப்பில்லைதான், இருந்தாலும் மனசு ஒட்டலை" என்றார் ஆடிட்டர். திருடன் இல்லை என்று தாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒருவனைத் தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு பின் இருக்கையில் உட்கார்வது அவர்களுக்குக் கஷ்டம். தவறு செய்தவர்கள் அவர்கள், வேலை இழந்தவன் நான். இந்த ஊரில் கணக்கு எப்போதும் இப்படித்தான் முடியும். நான் போய் அக்காவிடம் சண்டை போட்டேன். லூஸ் போல்ட் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வேலை நின்றிருக்கும் என்று கத்தினேன்.

அவர் வேலையை நிறுத்தாமல் சொன்னார்: "நின்னிருக்கும். அப்புறம் ஒருநாள் வேற எவனாவது அந்த போல்ட்டைக் கழட்டி, பெயிண்ட்டைப் பாத்து, அவர்கிட்ட சொல்லியிருப்பான். நான் பொய் சொன்னேன்னு ஆயிருக்கும். ரெஜினா அதுல பொய் சொன்னா, பேட்டரி விஷயத்துலயும் பொய்தான் சொல்லியிருப்பான்னு ஆயிருக்கும். நீ திரும்பவும் திருடன். போடா, போய் வேற வேலை பாரு." வேறு வேலையையும் அவரே பார்த்துக் கொடுத்தார். ஒரு டூரிஸ்ட் கம்பெனி முதலாளியிடம் என்னை அறிமுகப்படுத்தியபோது, "பையன் நல்லா ஓட்டுவான். பெயிண்ட் டப்பாவை மட்டும் கண்ணுல காட்டாதீங்க" என்றார்.

அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'பெயிண்டர்'. அவர் கூப்பிட்டார், பிறகு சவரிமுத்து, பிறகு ஸ்டாண்ட் முழுக்க. முதல் வருடம் எரிச்சலாக இருந்தது. எல்லப்பன் என்று ஒரு பெயர் எனக்கு இருப்பதையே மந்தைவெளி மறந்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் ஏன் பெயிண்டர் என்று கேட்பார்கள். யாராவது கதையை முதலிலிருந்து சொல்வார்கள், சிரிப்பார்கள். நூறு முறை சொல்லப்பட்ட அந்தக் கதையில் நான் முட்டாளாக இருந்திருக்கிறேன், பக்திமானாக இருந்திருக்கிறேன். திருடனாக ஒருமுறைகூட இருந்ததில்லை.

அடக்கத்தன்று தெரு கொள்ளாத கூட்டம். ஓட்டுநர்கள், ஆட்டோக்காரர்கள், பங்குக் கோயில்காரர்கள். வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கும்போது ஒரு பக்கம் தோள் குறைந்தது. சவரிமுத்து கூட்டத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்: "பெயிண்டர் எங்கடா? பெயிண்டரைக் கூப்புடு!" எனக்குப் பழக்கமில்லாத முகங்கள்கூட "பெயிண்டர், பெயிண்டர்" என்று எனக்கு வழிவிட்டன. போய்த் தோள் கொடுத்தேன். எந்த ஸ்டேஷன் நோட்டிலும் இல்லாத அந்தப் பெயரை நான் வைத்துக்கொள்கிறேன், அக்கா.